தாயம் ஏன் விழ மாட்டேங்குது? போனுக்குள் உருளும் கட்டையின் கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து பாட்டியும் பேரனும் ஆளுக்கொரு தலையணையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் போன். திரையில் தாயக்கட்டம்.

"ஒன்பது தடவை தட்டியாச்சு, ஒரு தாயம் விழல. உனக்கு மட்டும் ரெண்டாவது தடவையே விழுந்துடுச்சு. இந்த போன் ஆள் பார்த்துப் போடுதுடா!"

"யார் தட்டுறாங்கன்னே அதுக்குத் தெரியாது பாட்டி. அது சும்மா ரேண்டமா ஏதோ ஒரு நம்பரைப் போடும்."

தாயம், லூடோ, பரமபதம் என்று எந்த ஆட்டத்தை போனில் ஆடினாலும் இந்தச் சண்டை வந்தே தீரும். தோற்பவர் எல்லோரும் பாட்டி கட்சி, ஜெயிப்பவர் எல்லோரும் பேரன் கட்சி. இருவரில் யார் சொல்வது சரி?

இருவரிடமும் பாதி பாதி நியாயம் இருக்கிறது. நேர்மையாக எழுதப்பட்ட ஆட்டத்தில் போன் ஆள் பார்ப்பதில்லை. ஆனால் பேரன் சொல்வதுபோல 'சும்மா' ஒரு எண்ணைப் போடவும் அதற்குத் தெரியாது. அந்தத் தாயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்த சிலர் கோடிக்கணக்கில் பணம் பார்த்திருக்கிறார்கள். ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள்.

உருளும் முன்பே முடிந்த முடிவு

பித்தளைக் கட்டையைக் கையில் உரசித் தரையில் விடும்போது என்ன நடக்கிறது? கை எவ்வளவு வேகமாக விட்டது, எந்தக் கோணத்தில் விட்டது, தரை சிமென்டா மொசைக்கா, கட்டை எந்த விளிம்பில் முதலில் மோதியது... இப்படி ஆயிரம் சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்துதான் விழும் எண்ணைத் தீர்மானிக்கின்றன. அத்தனையையும் கணித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் அதை அதிர்ஷ்டம் என்கிறோம்.

போனுக்குள் தரையும் இல்லை, கையும் இல்லை. கம்ப்யூட்டர் என்பது சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கோடி முறை கேட்டாலும் நான்கு என்றுதான் சொல்லும். அதன் பெருமையே அதுதான். தாயம் ஆட உட்காரும்போது அந்தப் பெருமையே அதற்குச் சிக்கலாகிவிடுகிறது.

எனவே கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. ஓர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு அடுத்த எண்ணை உண்டாக்குகிறது. அதை வைத்து அதற்கடுத்த எண். பார்ப்பவருக்கு அந்த எண்கள் தாறுமாறாக வருவதுபோல் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து கணக்காகப் பிறந்தது. இவற்றுக்குப் 'போலி ரேண்டம் எண்கள்' என்று பெயர். போலி என்றதும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அதிர்ஷ்டம் போல நடிக்கும் கணக்கு, அவ்வளவுதான்.

திரையில் கட்டை உருண்டு, துள்ளி, நிற்கிறதே? பெரும்பாலான ஆட்டங்களில் அது வெறும் படம். நீங்கள் விரலால் தட்டிய கணமே எண் முடிவாகிவிடுகிறது. அதற்கு ஏற்றபடி கட்டை உருள்வதுபோல் பிறகு படம் காட்டுகிறார்கள். வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும்போது, அந்த எண் உங்கள் போனில்கூடப் பிறப்பதில்லை. எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வருகிறது.

ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்

இந்தக் கணக்கு புரிய கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

விதி இதுதான்: கையில் இருக்கும் எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். 3-ஐக் கூட்டுங்கள். வந்ததை 16-ஆல் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அடுத்த எண்.

7-லிருந்து தொடங்குவோம். ஏழைந்து முப்பத்தைந்து, மூன்று கூட்டினால் 38. பதினாறால் வகுத்தால் மீதி 6. அடுத்து, ஆறைந்து முப்பது, மூன்று கூட்டினால் 33. மீதி 1. இப்படியே போனால் கிடைக்கும் வரிசை:

6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, 7.

0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. வரிசை தெரியாத ஒருவரிடம் காட்டினால், கலைத்துப் போட்ட சீட்டுகள் என்றுதான் சொல்வார்.

இப்போது இதைத் தாயமாக மாற்றலாம். தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. கிடைத்த எண்ணை 4-ஆல் வகுங்கள். ஈவு முதல் கட்டை, மீதி இரண்டாவது கட்டை. 6-ஐ நான்கால் வகுத்தால் ஈவு 1, மீதி 2. முதல் கட்டையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. ஆக மூன்று விழுந்தது. அடுத்த எண் 1. ஈவு 0, மீதி 1. முதல் கட்டை வெறுமை, அடுத்ததில் ஒரு புள்ளி. தாயம்! 0 வந்தால் இரண்டு கட்டையும் வெறுமை, அதாவது பன்னிரண்டு.

முழு வரிசையையும் இப்படி மாற்றினால் விழுவது: 3, தாயம், 2, 5, 4, 2, 3, 6, 5, 3, 12, 3, 2, 4, தாயம், 4. நிஜத் தாய ஆட்டத்தின் நடுவில் இருந்து எடுத்த பதினாறு உருட்டல்கள் என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பதினாறாவது எண் 7. தொடங்கியதும் 7. ஆகவே அடுத்து மறுபடி 6, 1, 8 என்று அதே கதை திரும்பும். இரண்டு, மேலே உள்ள வரிசையில் இரட்டைப்படை, ஒற்றைப்படை என மாறி மாறியே வருகிறது. கூர்ந்து பார்க்கும் பாட்டி ஒருவர் பத்தே நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

தொடங்கிய எண்ணான 7-க்கு, கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'விதை'. எந்த விதையைப் போட்டாலும் அதற்குரிய செடிதான் முளைக்கும். மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே பதிப்பில் ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் அதே மலை, அதே ஆறு வரும். தாயக்கட்டை உருட்டும் அதே கணக்குதான் அங்கே ஓர் உலகத்தையே உருட்டிப் போடுகிறது.

அணுகுண்டு ஆய்வகத்தில் பிறந்த கணக்கு

இந்தத் தந்திரம் ஆட்டத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. அமெரிக்காவில் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகம்தான் இதற்குத் தொட்டில். 1946-ல் உடல்நலம் தேறி வீட்டில் ஓய்வில் இருந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம், பொழுதுபோக்காகத் தனியே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டத்தில் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடப் பார்த்தார். தலை சுற்றியது. கணக்குப் போடுவதைவிட, நூறு தடவை ஆடிப் பார்த்து எத்தனை முறை ஜெயிக்கிறது என்று எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது.

அந்த யோசனையை நண்பர் ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். அணுப்பிளவுப் பொருளுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பாய்கின்றன என்ற கணக்குக்கும் இதே வழி உதவும் என்று இருவரும் கண்டுகொண்டார்கள். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயரையே இந்த முறைக்கும் வைத்தார்கள்: மான்டி கார்லோ.

இதற்கு ஏராளமான ரேண்டம் எண்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் மின்னணுச் சக்கரம் ஒன்றைச் சுழற்றி, பத்து லட்சம் இலக்கங்களைச் சேகரித்து 1955-ல் புத்தகமாகவே போட்டது. பக்கத்துக்குப் பக்கம் எண்கள் மட்டும்தான். கம்ப்யூட்டரின் வேகத்துக்கு அந்தப் புத்தகமும் போதாது.

வான் நாய்மன் அதற்கு முன்பே ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். நான்கு இலக்க எண் ஒன்றை அதே எண்ணால் பெருக்கி, வரும் எட்டு இலக்கத்தில் நடுவில் உள்ள நான்கை மட்டும் எடுத்துக்கொள்வது. 5227-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 27321529. நடுவில் இருப்பது 3215. அடுத்து அதைப் பெருக்கு. எளிமையான வழிதான், ஆனால் குழி உள்ள வழி. 2500 வந்துவிட்டால் பெருக்கல் 06250000 ஆகி, நடுவில் மறுபடி 2500. கட்டை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கணக்கால் அதிர்ஷ்டத்தை உண்டாக்கப் பார்ப்பதே பாவம் என்று அவரே கேலியாகச் சொல்லி வைத்தார்.

பிறகு டெரிக் லேமர் என்ற கணிதவியலாளர், பெருக்கி வகுத்து மீதி எடுக்கும் வழியை அறிமுகப்படுத்தினார். சற்று முன் பேப்பரில் போட்டுப் பார்த்தது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெருக்கும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் கவனமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதிலும் வம்பு. 1960-களில் ஐபிஎம் கம்ப்யூட்டர்களில் 'ராண்டு' என்ற கணக்கு பரவலாக இருந்தது. அது தரும் எண்களை மூன்று மூன்றாக எடுத்து வெளியில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், எங்கும் சிதறிக் கிடக்க வேண்டியவை பதினைந்தே தட்டுகளில் அடுக்கி வைத்ததுபோல் நின்றன. அதை நம்பிச் செய்த ஆராய்ச்சிகளின் முடிவுகள் சந்தேகத்துக்கு உள்ளாயின.

இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் கற்கும் பைத்தான் மொழியில் பகடை உருட்டச் சொன்னால் வேலை செய்வது 'மெர்சென் ட்விஸ்டர்'. ஜப்பானைச் சேர்ந்த மகோடோ மட்சுமோட்டோவும் டகுஜி நிஷிமுராவும் 1990-களின் இறுதியில் உருவாக்கியது. பேப்பரில் போட்ட கணக்கு 16 எண்களில் திரும்பத் தொடங்கியது. இவர்களுடைய வரிசை எத்தனைக்குப் பிறகு திரும்பும் என்ற எண்ணை எழுதவே 6,002 இலக்கங்கள் வேண்டும்.

எண்ணத் தெரிந்தால்தான் கட்டை பேசும்

நளன் கதை ஞாபகம் இருக்கிறதா? சூதில் நாட்டைத் தோற்றவன், இருதுபன்னனிடம்தான் பகடையின் நுட்பத்தைக் கற்கிறான். ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எத்தனை காய் என்று சொல்லும் ஆற்றல் உள்ளவன் அந்த அரசன். பகடையின் சூட்சுமம் கைவீச்சில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது என்று கதை சொன்னவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

புரோகிராம் எழுதும் புதியவர்கள் சறுக்குவதும் எண்ணுவதில்தான். தாயத்தில் விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு. 'ஏழில் ஏதாவது ஒன்றைப் போடு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் தப்பு.

இரண்டு கட்டைக்கும் நான்கு நான்கு பக்கம் என்றால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று விழ நான்கு வழிகள் உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் தலா மூன்று வழிகள். தாயத்துக்கும் ஐந்துக்கும் தலா இரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். அதாவது பன்னிரண்டு விழுவது பதினாறில் ஒரு முறை. ஏழில் ஒன்றாக எழுதிய புரோகிராமில் அது இரண்டு மடங்குக்கு மேல் விழும். பல ஊர்களில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. நிஜக் கட்டையில் பதினாறுக்கு ஆறு முறைதான் மறு ஆட்டம் கிடைக்கும். அந்தப் புரோகிராமில் ஏழுக்கு நான்கு, பாதிக்கும் மேல். ஒரே ஆள் உருட்டிக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

லூடோ பகடையில் வேறொரு தொல்லை. கம்ப்யூட்டர் தரும் எண் 0 முதல் 255 வரை, மொத்தம் 256 என்று வைத்துக்கொள்வோம். அதை ஆறு பக்கத்துக்குப் பங்கு பிரிக்க வேண்டும். 256 லட்டை ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 42 போக நான்கு மிஞ்சும். மிஞ்சியதை முதல் நான்கு பேருக்கே கொடுத்துவிட்டால் ஐந்தும் ஆறும் எப்போதும் ஒரு லட்டு குறைவாகத்தான் பெறுவார்கள். தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? அந்த மிச்ச நான்கு எண்களில் ஒன்று வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எண் கேட்பார்கள். தாயக்கட்டைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நான்கும் பதினாறும் 256-ஐ மிச்சமில்லாமல் வகுத்துவிடும்.

பாட்டிக்கு ஏன் விழவில்லை?

சரி, ஆட்டம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒன்பது தடவை தாயம் விழாமல் போகுமா?

தாராளமாகப் போகும். தாயம் விழ வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு தடவை போட்டால் ஒன்று விழுந்தே ஆக வேண்டும் என்று மனம் நினைக்கும். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. தொடர்ந்து ஒன்பது தடவை விழாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு முப்பது. நான்கு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது முதல் ஒன்பது உருட்டலில் தாயம் இல்லாமல் தவிப்பது நூறு ஆட்டத்தில் 76 ஆட்டங்களில் நடக்கும். இருபது தடவை போட்டும் விழாமல் போவதுகூட நூற்றில் ஏழு பேருக்கு நடக்கக்கூடியதுதான். அந்த ஏழு பேரும் போனைத்தான் திட்டுவார்கள்.

நம் மனதுக்கு நிஜமான அதிர்ஷ்டம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒன்று விட்டு ஒன்று, கலந்து கலந்து வந்தால்தான் நியாயம் என்று நினைக்கிறோம். நிஜத்தில் ஒரே எண் மூன்று தடவை சேர்ந்து விழும். ஐபாடில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதி வந்தபோது இதே புகார் எழுந்தது. ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வருகிறதே, இது கலைத்ததே இல்லை என்றார்கள் ரசிகர்கள். கடைசியில் 2005-ல் ஆப்பிள் நிறுவனம், அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. உண்மையைக் குறைத்ததும், உண்மை மாதிரி இருக்கிறது என்று நம்பும்படி ஆகிவிட்டது!

விதை தெரிந்தால் சீட்டு தெரியும்

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டு ஆட்டம். பணம் உள்ளே வந்ததும் கதை மாறுகிறது.

1999-ல் இணையத்தில் போக்கர் சீட்டாட்டம் நடத்திய மென்பொருள் ஒன்று, தன் நேர்மையை நிரூபிக்க, சீட்டுக் கலைக்கும் புரோகிராமையே வெளியிட்டது. அதைப் படித்துப் பார்த்த பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

52 சீட்டைக் கலைத்தால் எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற எண் 68 இலக்கம் கொண்டது. அந்தப் புரோகிராமோ, விதையாகக் கடிகாரத்தை வைத்திருந்தது. நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்பதுதான் விதை. ஒரு நாளைக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிதான். அப்படியானால் அந்தச் சீட்டுக்கட்டு அதற்கு மேல் எத்தனை விதமாகவும் கலையவே முடியாது. சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டபோது தேட வேண்டிய விதைகள் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கின. தங்கள் கையில் உள்ள இரண்டு சீட்டு, மேஜையில் விரித்த மூன்று சீட்டு, ஆக ஐந்து சீட்டைக் கொடுத்ததும் அவர்களுடைய புரோகிராம் விதையைக் கண்டுபிடித்தது. அடுத்து எதிரில் இருப்பவர் கையில் என்ன, இனி வரப்போகும் சீட்டு என்ன, எல்லாம் திரையில். அவர்கள் அதை வைத்துப் பணம் பண்ணவில்லை. ஓட்டையை உலகத்துக்குச் சொன்னார்கள்.

இந்தக் காலத்துச் சகுனி

சொல்லாமல் வைத்துக்கொண்டவரும் உண்டு. அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகளைச் சேர்த்து நடத்தும் சங்கத்தில் தகவல் பாதுகாப்பைக் கவனித்தவர் எடி டிப்டன். குலுக்கல் எண்களைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராமை எழுதுவதிலும் அவருக்குப் பங்கு இருந்தது. வருடம் முழுக்க அந்தப் புரோகிராம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் மே 27, நவம்பர் 23, டிசம்பர் 29 ஆகிய தேதிகள் புதன் அல்லது சனிக்கிழமையில் வந்து, இரவு எட்டு மணியும் தாண்டினால், விதை வேறு வழியில் பிறக்கும். அப்போது விழும் எண்கள் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

2010 டிசம்பர் 29, புதன்கிழமை. 1 கோடியே 65 லட்சம் டாலர் பரிசு விழுந்தது. டிக்கெட் வாங்கியவர் வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, யார் வாங்கியது என்று சொல்லாமலேயே வக்கீல் மூலம் பணம் கேட்டார்கள். சந்தேகம் வலுத்தது. டிக்கெட் வாங்கிய கடையின் கேமரா பதிவை வெளியிட்டதும், முகத்தை மறைத்திருந்தவரின் குரலை உடன் வேலை பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். விசாரணை நீண்டபோது வேறு மாநிலங்களில் 2005, 2007, 2010, 2011 ஆண்டுகளில் விழுந்த பரிசுகளும் அதே தேதிகளில் வந்து நின்றன. 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட டிப்டனுக்கு 25 ஆண்டுகள் வரை சிறை என்று தீர்ப்பானது.

சகுனியின் பகடை அவன் சொன்னபடி விழுந்தது என்பார்கள். டிப்டனின் பகடையும் அப்படித்தான். அதைச் சாதாரண நாளில் எத்தனை முறை சோதித்தாலும் குறை தெரியாது. வருடத்தில் மூன்று நாளுக்கு மட்டும்தான் அது எஜமானனை அடையாளம் கண்டுகொள்ளும்.

ஓடிபி-யும் இந்தக் கட்டைதானா?

பேங்கிலிருந்து வரும் ஆறு இலக்க ஓடிபி-யும் ஒரு வகையில் பகடை உருட்டல்தான். பத்து லட்சம் பக்கம் உள்ள பகடை. அதைப் பகடை ஆட்டத்துக்கு எழுதிய கணக்கால் உருட்டினால் ஆபத்து. மெர்சென் ட்விஸ்டர் எவ்வளவு நீளமான வரிசையைத் தந்தாலும், அது கொடுக்கும் எண்களைத் தொடர்ச்சியாக 624 முறை முழுதாகப் பார்த்துவிட்டால் அடுத்தடுத்து வரப்போவதை எல்லாம் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். பகடைக்கு அது போதும், ரகசியத்துக்குப் போதாது. ரகசிய வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று பைத்தானின் கையேடே எச்சரிக்கிறது. அதற்கென்று 'சீக்ரெட்ஸ்' என்ற தனித் தொகுப்பு அதில் இருக்கிறது.

அந்த வகைப் பாதுகாப்பான கணக்குகளில், வெளிவந்த எண்களைப் பார்த்து விதையைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாதபடி பூட்டுப் போட்டிருப்பார்கள். விதையும் வெறும் கடிகாரம் அல்ல. சிப்புக்குள் ஓடும் மின்சாரத்தின் சின்னச் சின்ன நடுக்கங்கள், கருவிகளிலிருந்து தகவல் வந்து சேரும் நேரத்தின் நுண்ணிய வித்தியாசங்கள் என்று வெளியுலகத்தின் தாறுமாறைப் பொறுக்கிச் சேர்த்து விதையாக்குகிறார்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க லாவா விளக்குகளை அடுக்கி வைத்திருக்கிறது. உள்ளே மெழுகு உருகி ஏறி இறங்குவதைக் கேமரா படம் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் படங்களும் விதைக்குள் போகின்றன. சுற்றிச் சுற்றிக் கடைசியில் கம்ப்யூட்டர், தரையில் உருளும் கட்டையைத் தேடித்தான் திரும்பி வந்திருக்கிறது.

பணம் வைத்து ஆடினால்?

இத்தனையும் கேட்ட பிறகு, 'கணக்கு நேர்மையாக இருக்கிறது என்று சான்றிதழ் வைத்திருக்கும் ஆப்பில் பணம் கட்டி ஆடலாம்' என்று யாருக்காவது தோன்றினால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து ரூபாய் கட்டுகிறீர்கள். ஆறு விழுந்தால் ஐம்பது ரூபாய் கைக்கு வரும். வேறு எது விழுந்தாலும் பத்து ரூபாய் போச்சு. ஐந்து மடங்கு என்று கேட்க நன்றாக இருக்கும். பகடை அப்பழுக்கில்லாதது என்றே வைத்துக்கொள்வோம். சராசரியாக ஆறு தடவைக்கு ஒரு தடவைதான் ஆறு விழும். அறுபது ரூபாய் கட்டி, ஐம்பது வாங்குகிறீர்கள். ஆட ஆட, ஆறு தடவைக்குப் பத்து ரூபாய் வீதம் நடத்துபவரின் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். அவர் பகடையில் கை வைக்கவே தேவையில்லை.

இணையச் சூதாட்டத்தில் பணத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களின் கண்ணீருக்குப் பிறகு, 2022-ல் தமிழக சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தடையைத் தாண்டியும் 'ஆடிப் பாருங்கள்' என்று போனுக்கு அழைப்பு வந்தால், அந்த அறுபதும் ஐம்பதும் நினைவில் இருக்கட்டும்.

பாட்டி விஷயத்துக்கு வருவோம். போன் மேல் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 160 தடவை தட்டி, எத்தனை தாயம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். சராசரிப்படி 20 விழ வேண்டும். 12-க்கும் 28-க்கும் நடுவில் எது வந்தாலும் சாதாரணம். மூன்றோ நான்கோ வந்தால் பாட்டியின் புகாரில் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு எத்தனை தடவை விழுகிறது என்றும் சேர்த்துப் பார்க்கலாம். பத்தை ஒட்டி வந்தால் எழுதியவருக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது. இருபதைத் தாண்டி வந்துகொண்டே இருந்தால், அவர் ஏழில் ஒன்று என்று எழுதிவிட்டார்.

பிறகு பரணில் கிடக்கும் பித்தளைக் கட்டையை இறக்கி, அதையும் 160 தடவை உருட்டிப் பார்க்கலாம். பாட்டி உருட்டட்டும், பேரன் கோடு போட்டு எண்ணட்டும். தேய்ந்து மழுங்கிய பழைய கட்டை, போனைவிட நேர்மையானதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.